வேகம் வேண்டாம்... வேகத்தை அடக்கவும் வேண்டாம்!

முன்பெல்லாம் என்னிடம் வருகிற பெரியவர்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத்தான் நீட்டுவார்கள். இப்போது சிலர் டூர் புரோகிராமை நீட்டுகிறார்கள்! பிள்ளையோ பெண்ணோ பாரிஸிலோ துலூஸிலோ வேலை பார்ப்பார்கள். "பையன் போட்டு அனுப்பியிருக்கான் டாக்டர். பிரான்ஸ் கிராமமெல்லாம் சுத்திக் காட்டறானாம். உடம்பு தாங்குமான்னு பாத்துச் சொல்லுங்க" என்பார்கள்.

சமீபத்தில் பார்த்த ஒரு காகிதத்தில் நான்கே நாளில் பதினோரு கிராமம் இருந்தது. அம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாக சுகர். காலை ஏழு மணிக்குக் காரில் ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் இறங்க முடியும். நடுவில் சாப்பாட்டுக்கு என்று ஒரு வரிகூட அதில் இல்லை!

சித்த மருத்துவத்தில் "பதினான்கு வேகங்கள்" என்று ஒரு பாடம் உண்டு. இங்கே வேகம் என்றால் ஓட்டம் இல்லை. உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல். பசி, தாகம், சிறுநீர், மலம், தூக்கம், இளைப்பு, தும்மல், கொட்டாவி, கண்ணீர் என்று போகும். இவற்றில் எதையும் அடக்கக் கூடாது, அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பட்டியலை ஒரு டூர் புரோகிராமுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஸ் கிளம்பிவிடும் என்று சிறுநீரை அடக்குகிறோம். பாத்ரூம் கிடைக்காதே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்துகிறோம். அடுத்த ஊரில் சாப்பிடலாம் என்று பசியை அடக்குகிறோம்.

இது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. ஐரோப்பாவைப் பத்து நாளில் சுற்றி வந்த ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். ஊருக்காக வாங்கின புது ஷூ அவருடைய சுண்டுவிரலைக் கடித்திருக்கிறது. சுகரால் கால் மரத்துப் போனவருக்கு வலி தெரியவில்லை. ஷூவைக் கழற்றிப் பார்க்கவும் அவகாசம் இல்லை. ஊர் திரும்பியபோது விரல் கறுத்திருந்தது. நேராக சர்ஜனிடம் அனுப்பினேன். விரல் தப்பியது, ஆனால் இரண்டு மாதம் கட்டுப் போட வேண்டியிருந்தது. அந்த அம்மாளுக்குத் தண்ணீர் குடிக்காததால் சிறுநீர்த் தொற்று. "என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன். "பஸ் ஜன்னலைப் பாத்தோம்" என்றார்!

ஒரே வீடு, ஐந்து நாள்

பிரான்ஸ் கிராமங்களைப் பார்ப்பது நல்ல யோசனைதான். என் மகள் துலூஸில் இருப்பதால் நானும் மனைவியும் ஒரு செப்டம்பரில் போய் வந்தோம். நான் சிபாரிசு செய்வது தென்மேற்கில் இருக்கும் டோர்டோன் ஆற்றுப் பக்கம். சார்லா என்ற சின்ன நகரம் மையம். லா ரோக் கஜாக், பேனாக், டோம் ஆகிய மூன்று கிராமங்களும் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். துலூஸிலிருந்து காரில் சுமார் 200 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து வந்தால் அதிவேக ரயிலில் போர்தோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சின்ன ரயிலில் சார்லாவுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். கிராமங்களுக்கிடையே பஸ் மிகக் குறைவு. கார் இல்லாவிட்டால் டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கையைக் காட்டி நிறுத்தலாம் என்ற கனவு வேண்டாம்!

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும், கூட்டமும் நெரியும். அந்த வெயிலைப் பார்க்க நாம் விமானம் ஏற வேண்டியதில்லை.

ஹோட்டலைவிட, சமையலறையோடு கிடைக்கும் வாடகை வீடு நமக்குத் தோது. "ஜீத்" என்பார்கள். கோடையில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, ஒரு வாரத்துக்குத்தான் பெரும்பாலும் தருவார்கள். மற்ற மாதங்களில் மூன்று நாலு இரவுக்கும் கிடைக்கும். ஐந்து நாளும் ஒரே வீடு, ஒரே படுக்கை. தினம் பெட்டி கட்டுகிற வேலை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கிராமம், அதுவும் மத்தியானத்துக்குள். மாலையில் வீட்டுப் பக்கமே ஒரு நடை.

"இவ்ளோ தூரம் வந்துட்டு வீட்டுல உக்காந்திருக்கறதா மாமா?" என்று என் மாப்பிள்ளையும் கேட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் அவர்தான் முதலில் சாய்வு நாற்காலியைப் பிடித்தார்!

கிராமத்தின் கடிகாரம்

அந்தக் கிராமங்களே நிதானமாகத்தான் நடக்கின்றன. பகல் பன்னிரண்டுக்குக் கடை சாத்தினால் இரண்டு மணி வரை திறப்பதில்லை. சாப்பாட்டுக் கடையிலும் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டரைக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். அப்புறம் இரவு ஏழு, ஏழரைக்குத்தான். ஞாயிறு மத்தியானத்திலிருந்து திங்கள் வரை பல கடைகள் மூடியிருக்கும்.

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. மருந்து உள்ளே போய்விட்டது, சாப்பாடு கிடைக்கவில்லை என்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதனால் பகல் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கு என்றே வையுங்கள். பையில் எப்போதும் ஒரு பிடி கடலை, நாலு பிஸ்கட், அவசரத்துக்கு குளுக்கோஸ். வெறும் வயிற்றில் அந்த ஊர் ஒயினை ருசி பார்ப்பது சுகர்காரர்களுக்கு ஆகவே ஆகாது. அதுவும் சர்க்கரையை இறக்கிவிடும்.

சாலட் என்று நம்பி...

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். இது வாத்தும் கூஸ் பறவையும் வளர்க்கும் சீமை. எண்ணெய்க்குப் பதில் வாத்துக் கொழுப்பு! சார்லாவின் பெயரையே வைத்த உருளைக்கிழங்கு வறுவல் ஒன்று உண்டு. பூண்டு வாசனையோடு நம் வீட்டு வறுவல் மாதிரியே வரும். வறுப்பது வாத்துக் கொழுப்பில். சாலட் என்றால் பச்சை இலைதானே என்று கேட்டு வாங்கினால், "பெரிகோர் சாலட்"டில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள் கிடக்கும். நம் பூண்டு ரசத்துக்குத் தூரத்து உறவு மாதிரி ஒரு பூண்டு சூப் இருக்கிறது. அதையும் பெரும்பாலும் அதே கொழுப்பில்தான் தாளிப்பார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்றால் மாமிசம் இல்லாமல், மீன் இல்லாமல் என்று அர்த்தம். அதோடு வாத்துக் கொழுப்பும் வேண்டாம் என்று ஒரு சீட்டில் பிரெஞ்சில் எழுதி வாங்கிக் கொண்டு போங்கள்.

அப்படியானால் என்னதான் சாப்பிடுவது? ரொட்டி இருக்கிறது. "திரதிஸியோன்" என்று கேட்டு வாங்குகிற ரொட்டியில் ரசாயனச் சேர்மானம் கூடாது, மாவை உறைய வைக்கவும் கூடாது என்று 1993-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்ததும் முதலில் மேஜைக்கு வருவது ரொட்டிதான். பசியில் அதையே மொசுக்கினால் சுகர் ஏறும். காய்கறி வரட்டும், அதோடு இரண்டு துண்டு போதும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சின்னச் சின்ன வட்டமாக வரும். சுத்த சைவர்களுக்கு ஒரு வார்த்தை: பாலைத் திரிக்க கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது அங்கே வழக்கம்.

அந்தப் பகுதியின் அக்ரூட் பெயர் பெற்றது. தினம் நாலைந்து பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம். ரொட்டியும் சீஸுமாக இரண்டு நாள் போனால் மலம் கட்டும். கைவைத்தியம் பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே ஆஜான் என்ற ஊரின் பெயரில் விற்கும் உலர்ந்த பிளம்ஸ். நாம் உலர்ந்த திராட்சையைக் கொடுப்பதைப் போல, இரவில் நாலு பழத்தை ஊற வைத்துக் காலையில் சாப்பிட்டால் வயிறு இளகும். சுகர்காரர்கள் இரண்டோடு நிறுத்துங்கள்.

சார்லாவில் புதன், சனி சந்தை நாட்கள். இதற்காகவே பயணத் தேதியை மாற்றலாம். பழைய தேவாலயம் ஒன்றையே சந்தைக் கட்டடமாக மாற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை தெருவெல்லாம் காய்கறி. அரைக்கீரை இருக்காதே தவிர, மற்றபடி ரசத்துக்கும் பொரியலுக்கும் குறைவில்லை. இந்த வைத்தியனின் கண் மூலிகைப் பக்கம்தான் போயிற்று! இரவுச் சாப்பாட்டுக்குப் பின் லிண்டன் பூவையோ வெர்பீனா இலையையோ வெந்நீரில் போட்டுக் குடிக்கிற பழக்கம் அங்கே இன்னும் உண்டு. ஆனால் மூலிகை வைத்தியருக்கான பட்டயத்தை 1941-லேயே ரத்து செய்துவிட்டார்கள். மருந்துக் கடைக்கு வெளியே விற்கக்கூடிய மூலிகைகள் எவை என்று 2008-ல் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் 148 செடிகள். நம் ஊரில் நாட்டு மருந்துக் கடைக்குள் சுதந்திரமாக நுழைகிற நாம், அதை நினைத்துக் கொள்ளலாம்.

ஏறுவதா, இறங்குவதா?

முழங்கால் நோயாளிகள் மலையேற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் மூட்டைப் படுத்துவது இறக்கம்தான். பேனாக் கிராமம் ஆற்றங்கரையில் ஆரம்பித்து, செங்குத்தான கல் பாவிய சந்துகள் வழியாக மலை உச்சிக் கோட்டை வரை போகிறது. பெரியவர்களைக் காரிலேயே மேலே கொண்டு விடுங்கள். கோட்டையைப் பார்த்துவிட்டுக் காரிலேயே இறங்கட்டும். சந்துகளை இளசுகள் பார்த்துக் கொள்ளும்.

டோம் 1281-ல் குன்றின் மேல் கட்டிய கோட்டை ஊர். மேலே போய்விட்டால் பெரிய ஏற்றம் இல்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற திண்ணையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரலாம்.

எனக்கு மிகப் பிடித்தது லா ரோக் கஜாக். தெற்கு பார்த்த பாறைச் சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒட்டிக் கொண்டிருக்கிற ஊர். அந்தப் பாறை 1957-ல் சரிந்து சில வீடுகள் நொறுங்கி மூன்று பேர் இறந்தார்கள். பாறையில் தங்கும் வெயிலின் சூட்டால் அங்கே வாழையும் மூங்கிலும் வளர்கின்றன. பிரான்சின் நடுவில் வாழைமரத்தைக் கண்டதும் என் மனைவி தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். கீழ்த்தெரு சமதளம், கைத்தடியோடு நடக்கலாம். தட்டையான மரப்படகில் சுமார் ஒரு மணி நேரம் ஆற்றில் போய் வரலாம். முழங்காலுக்கு வேலையே இல்லை!

நாலாம் நாள் லாஸ்கோ. ஆதி மனிதன் வரைந்த குகை ஓவியங்கள் 1940-ல் கண்ணில் பட்டன. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் உள்ளே போய்விட்ட மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து சுவரில் பாசி பிடிக்க, 1963-ல் குகையை மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016-ல் திறந்த அச்சு அசலான நகல். முன்பதிவு அவசியம். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். ரோகமாடூர் என்ற புனிதத் தலத்தையும் சேர்த்தால் அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். 216 படிகள். லிஃப்ட் இருக்கிறது, வெட்கப்படாமல் ஏறுங்கள்.

தண்ணீர், தூக்கம், பெட்டி

பிரான்சில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். சாப்பாட்டுக் கடையில் "கராஃப் தோ" என்று கேட்டால் ஒரு ஜாடித் தண்ணீர் இலவசம். பாத்ரூமுக்குப் பயந்து குடிக்காமல் இருக்காதீர்கள். காபிக் கடையில் உட்கார்ந்து ஒரு காபி சொன்னால் அந்தக் கவலை தீர்ந்தது. எங்கும் காகிதம்தான் என்பதால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் பையில் இருக்கட்டும். பிரஷருக்காக நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள், வெளியே போகிற நாளில் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நம் ஆறு மணிக்கு அங்கே இரண்டரை! முதல் இரண்டு நாள் அர்த்த ராத்திரியில் விழிப்பு வரும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் தூக்கமும் தள்ளும். ஜன்னல் மரக்கதவைச் சாத்திவிட்டுப் பத்துக்குப் படுங்கள். அதனால்தான் முதல் நாள் எந்த ஊரும் வேண்டாம் என்கிறேன்.

ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள். தினமும் இரவு பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளை வேறொருவர் பார்க்கட்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள்; விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துவிடலாம். வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள். அலோபதி மாத்திரைகளை ஊருக்குப் போகிறோம் என்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். திரிபலா, சுக்குத்தூள் போன்றவற்றைக் கம்பெனி டப்பாவிலேயே கொண்டு போகலாம். பற்பம், செந்தூரம் வகைகளை நானே என் நோயாளிகளுக்குக் கொடுத்து அனுப்புவதில்லை. உலோகம் சேர்ந்த மருந்துக்கு சுங்கத்தில் விளக்கம் சொல்லி மாளாது.

நெய், பால்கோவா கூடாது. பாலிலும் மாமிசத்திலும் செய்த பொருட்களை ஐரோப்பாவுக்குள் பயணிகள் கொண்டு வரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதி. பருப்புப் பொடியும் ரசப்பொடியும் போதும்.

விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கேட்பார்கள். ஏற்கனவே உள்ள சுகருக்கும் பிரஷருக்கும் அது பொருந்துமா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அங்கே உடம்புக்கு ஏதாவது என்றால் பச்சை சிலுவை விளக்கு எரிகிற மருந்துக் கடையைத் தேடுங்கள். சாதாரண பாராசிட்டமால்கூட கவுண்ட்டருக்குப் பின்னால்தான் இருக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் நன்கு படித்தவர். காட்டில் பறித்த காளான் விஷமா இல்லையா என்று அவரிடம் காட்டிக் கேட்கிற வழக்கம்கூட அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை முறை என்று கதவில் ஒட்டியிருப்பார்கள். நெஞ்சுவலி, மயக்கம், பேச்சுக் குழறல் என்றால் கடையைத் தேடிக் கொண்டு நிற்காதீர்கள். 15 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். தங்கியிருக்கும் வீட்டின் விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி, போன பிறகு முதல் வேலையாக போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.