பழைய புகைபோக்கி அடுப்பும் பனிக்காலமும்



பனிக்காலம் வந்தாச்சு. நம்ம நீலகிரியில் ஊட்டி, குந்தா பக்கமெல்லாம் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை விடிகாலையில் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். நம்மில் பலர் வீட்டில் சமையலுக்குக் கேஸ் வந்துவிட்டது. ஆனாலும் பழைய புகைபோக்கி அடுப்பை நாம் இடிக்கவில்லை. சுடுதண்ணி வைக்கவும், சாயங்காலம் குளிர் காயவும் அதுதான். அதைப்பற்றி சென்ற கூட்டத்தில் பேச வேண்டியதாகிவிட்டது. காரணம் இதுதான்.

போன மார்கழியில் நம்ம குழு அக்கா ஒருவர், அடுப்புத் தணலை இரும்புச் சட்டியில் அள்ளி, படுக்கிற அறைக்குக் கொண்டுபோனார். கதவைச் சாத்தி, ஜன்னல் சந்திலும் துணியைத் திணித்துவிட்டுப் படுத்தார்கள். புகையில்லாத தணல்தானே என்ற நினைப்பு. நடுராத்திரி சின்னப்பிள்ளை வாந்தியெடுத்து அழுதது. எழுந்த அக்காவுக்குக் கால் நிற்கவில்லை, தலை வெடிக்கிற மாதிரி வலி. தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்தார். நாலு பேரும் பிழைத்தார்கள். பிள்ளை அழாமல் இருந்திருந்தால்? நினைக்கவே பயமா இருக்கு.

தணலிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. இரும வைக்காது, கண்ணும் எரியாது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாலும் உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேராது. தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 108-க்குப் போன் பண்ணுங்கள். தூக்கத்திலிருப்பவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது என்பதுதான் கொடுமை. "எங்க பாட்டி காலத்திலிருந்து தணல் வைக்கிறோமே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பாட்டி காலத்து ஓட்டு வீட்டில் ஆயிரம் சந்து இருந்தது. இப்போது கான்கிரீட் கூரை, இறுக்கமான ஜன்னல். காற்று எங்கே போகும்?

சரி, சூட்டுக்கு என்ன வழி? அடுப்பின் மண்ணும் செங்கலும்தான் வழி. அது ஒருமுறை நன்றாகச் சூடேறினால் தீ அணைந்தபின்னும் நெடுநேரம் அனல் விடும். எனவே சாயங்காலம் காய்ந்த சிறு விறகாகப் போட்டு, இரண்டு மணி நேரம் சுறுசுறுப்பாக எரிய விடுங்கள். பெரிய கட்டையைச் சொருகி ராத்திரி முழுக்கக் கனிய விடும் பழக்கம் வேண்டாம். அதில் சூடு குறைவு, கரி அதிகம், அந்த வாயுவும் அதிகம். இரண்டாவது கண்ணில் பாத்திரம் இல்லையென்றால் மூடி போட்டு வையுங்கள். திறந்திருந்தால் புகைபோக்கி இழுக்காமல் புகை வீட்டுக்குள் வரும்.

சூடு போய்விடுமே என்று சிலர் புகைபோக்கி வாயில் சாக்கை அடைக்கிறார்கள். தணல் ஒரு பொட்டு இருக்கும்வரை அடைக்கவே கூடாது. அடுப்பு எரியும்போது ஜன்னலையும் நாலு விரல் அளவு திறந்து வைக்கணும். படுக்கைக்குச் சூடு வேண்டுமானால் சுடுதண்ணிப் பையைத் துணியில் சுற்றி வையுங்கள்.

விறகு விஷயத்தில் நமக்குத் தெரியாதது இல்லை. கவாத்து வெட்டின மிலாறு சீக்கிரம் காயும், சுருக்கென்று பிடிக்கும். சீகையும் கற்பூரக் கட்டையும் பிளந்து போட்டால்தான் காயும். பச்சை விறகில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு செலவாகிவிடும். கோடையிலேயே பிளந்து, கூரைக்கடியில், பக்கம் திறந்தபடி அடுக்கி வைத்தால் பனிக்குக் கைகொடுக்கும். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். 'டங்'கென்றால் காய்ந்தது, 'தொப்'பென்றால் பச்சை.

ஈர விறகு எரித்தால் புகைபோக்கிக்குள் தார் மாதிரி பிசின் படியும். அது அடைக்கும், சில சமயம் தீயும் பிடிக்கும். மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறினபின், மூங்கில் கழியில் சாக்கைச் சுற்றி மேலிருந்து இறக்கித் துடைக்கணும். வாய், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இருந்தால் சுரண்டவோ, அறுக்கவோ, உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. விரிசல் விட்டிருந்தால் ஆள் வைத்து அப்படியே கழற்றி மாற்றிவிடுவது நல்லது. அடுப்பு உடம்பில் விரிசல் என்றால் செம்மண்ணும் சாணியும் குழைத்து நாமே பூசிவிடலாம்.

குழாய் மாற்றக் கையில் பணம் இல்லாதவர்களுக்கு உள்கடன் தருவதாகத் தீர்மானம் எழுதியாச்சு. அந்த அக்காதான் முதல் கையெழுத்துப் போட்டார். வேண்டியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.