கூட்டுக் குடும்பமா, தனிக் குடித்தனமா?

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து 1929-ல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகை புறப்பட்டது. ஆசிரியர் ராஜாஜி; உதவி ஆசிரியர் கல்கி. குடியின் கொடுமையைச் சொல்லும் கதைகளும் அதில் வெளிவந்தன.

கல்கியின் அபிமானி ஒருவர் இணையத்தில் அவர் கதைகளுக்கு ஒரு களஞ்சியம் அமைக்க உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவாரா, 'விமோசனம் கதைகள்' என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் குடிவைப்பாரா?

அச்சுக் காலத்தில் இந்தக் கவலை குறைவு. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குக் காகிதமே கணக்குப்பிள்ளை. அது சொன்ன அளவுக்கு மேல் ஒரு வரி நீளாது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கோ காகிதச் செலவே இல்லை.

"அப்படியானால் தாராளமாகப் பிரிக்கலாமே!" என்பீர்கள். சங்கடம் அங்கேதான். மூன்று வரிப் பக்கங்கள் முந்நூறு இருந்தால், படிப்பவர் தாவித் தாவியே சலித்துப் போவார். ஆகவே விக்கிப்பீடியா ஒரு கேள்வி கேட்கிறது: இந்தக் கதையைப் பற்றி மற்றவர்கள் நம்பகமான இடங்களில் விரிவாக எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் தனிப் பக்கம். இல்லையேல் தொகுப்பு நூலின் பக்கத்திலோ ஆசிரியரின் பக்கத்திலோ ஓர் இடம். ஷெர்லக் ஹோம்ஸின் சிறுகதைகள் 56-ம் ஐந்து புத்தகங்களில் அடங்கிவிடும். ஆனாலும் அவை பற்றி உலகம் எழுதிக் குவித்திருப்பதால், ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குடித்தனம்தான்.

சேர்க்கவே கூடாத கதைகளும் உண்டு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. அதில் தாய், மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி அவளைப் புனிதமாக்கி ஏற்றுக்கொள்கிறாள். அதிலிருந்து கிளைத்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலிலோ தாய் கூச்சலிட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். இரண்டுக்கும் ஒரே கதைச் சுருக்கம் எழுத முடியுமா?

திருச்செங்கோட்டிலேயே இன்னோர் உதாரணம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலுக்குப் பின் 2014-ல் 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. ஒன்றில் காளி இறந்துபோகிறான். மற்றதில் உயிரோடு இருக்கிறான். ஒரே பக்கத்தில் கலந்தால் காளியின் கதி என்ன ஆவது?

ஆகவே முடிவும் போக்கும் மாறினால் பிரிப்பதே நியாயம். ஒரே நோக்கத்துடன், ஒரே பத்திரிகையில், ஒரே காலத்தில் பிறந்த சின்னஞ்சிறு கதைகளானால் சேர்ப்பது நல்லது. விமோசனம் கதைகள் சேர்ந்து இருந்தால்தான் அந்த மதுவிலக்குப் போராட்டத்தின் முழு உருவம் கண்ணில் படும்.

ஆனால் ஒரு நிபந்தனை. தாத்தா சொன்ன கதையின் தலைப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேத்தி தேடுவாள். தலைப்பு, எழுதியவர், வெளிவந்த மாதம் மூன்றும் அந்தக் கூட்டுப் பக்கத்தில் வேண்டும். தனித் தலைப்பைத் தட்டினாலும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க, விக்கிப்பீடியர்கள் 'வழிமாற்று' என்று சொல்லும் ஏற்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் அவளைப் பொறுத்தவரை அந்தக் கதை எழுதப்படவே இல்லை.

கூட்டுக் குடும்பமாகவே இருக்கட்டும். வாசலில் எல்லோர் பெயரும் இருக்கட்டும்!