ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லிப் பாருங்கள்

பள்ளிகளும் கல்லூரிகளும் நெருங்கிக் கிடக்கும் பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்பார்கள். அந்தப் பெயரை நாம் சொல்வதற்கும் ஆங்கிலேயர் சொல்வதற்கும் மூன்று இடங்களில் வேறுபாடு உண்டு.

தமிழில் உயிரெழுத்து 12. ஆங்கிலத்தில் 5தான், ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலிகள் 20 என்று பாடநூல்கள் கணக்கிடுகின்றன. புது ஒலி காதில் விழுந்ததும், தெரிந்த பன்னிரண்டில் எதனோடாவது அதைச் சேர்த்துவிடுகிறோம். சிக்கல் நாக்குக்கு முன்னே காதில் தொடங்குகிறது.

முதல் எழுத்தைப் பாருங்கள். 'ஆ' என்று எழுதுகிறோம். அவர்கள் சொல்வது ஆவும் அல்ல, ஒவும் அல்ல. ஆவுக்கு இறக்குவதுபோல் தாடையை இறக்கி, ஒவுக்குக் குவிப்பதுபோல் உதட்டை லேசாகக் குவித்து, குறிலாக நிறுத்தினால் அது வரும்.

அடுத்தது 'ஃபோ'. அழுத்தம் முதல் அசையிலேயே விழுந்துவிடுவதால் இங்கே உயிர் மங்கிப்போகும், ரகரமும் கேட்காது. நாமோ ஓகாரத்தை நீட்டி முழக்குகிறோம். இந்த மங்கல் உயிரைப் பிடிக்கக் குற்றியலுகரம் உதவும். கண்ணாடி முன் நின்று 'குரு', 'காது' என்று சொல்லிப் பாருங்கள். குருவின் கடைசியில் உதடு குவியும், காதுவின் கடைசியில் குவியாது. அங்கிருந்து நாக்கைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். ஆங்கிலம் தாய்மொழியானவர் தமிழ் கற்கும்போது வேலை தலைகீழ். இடையன்குடியில் வாழ்ந்து 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லைப் போன்றவர்கள் பழக வேண்டியிருந்தது, எந்த உயிரையும் மங்கவிடாமல் சொல்வதற்கு.

மூன்றாவது, கடைசி 'டு'. உதவிக்கு வந்த அதே குற்றியலுகரம் இங்கே அழையாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாதல்லவா? அதனால்தான் வாசல் கேட்டும் நமக்குக் 'கேட்டு' ஆகிறது. நாக்கு நுனியை ஒட்டிய இடத்திலேயே நிறுத்தப் பழக வேண்டும்.

கேட் என்றதும் பூனை நினைவுக்கு வருகிறது. பூனைக்கான ஆங்கிலச் சொல்லையும் 'கேட்' என்றே எழுதுகிறோம். ஆனால் பூனையின் உயிர், ஏகாரத்தைவிட வாயை அகலத் திறந்து சொல்வது. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. நெல்லைப் பேச்சில் அதற்குப் பக்கத்து ஒலி உண்டு. தாமிரபரணிக் கரையில் 'அவன்', 'அவென்' போல ஒலிக்கும். கடைசி உயிர் அகரமும் அல்ல, முழு எகரமும் அல்ல, மூக்கில் லேசாக இழையும். மூக்கை விட்டுவிட்டு வாயை இன்னும் கொஞ்சம் திறங்கள். பூனை வந்துவிடும்.