இளம்பருவத்தினர்க்குப் பாலியல் நலக் கல்வி: பெற்றோர் பொறுப்பும் அரசாங்கத்தின் பொறுப்பும்

பெங்களூரு காக்ஸ் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பெண் பூப்பெய்தினால் மஞ்சள் நீராட்டு விழா நடத்தும் வழக்கம் இங்கும் உண்டு. பத்திரிகை அச்சிட்டு உற்றாரை அழைக்கின்றனர்; தாய்மாமன் சீர்வரிசை கொண்டுவருகிறார். எனினும், தெரு முழுவதும் அறிந்த அச்செய்தியின் பொருளை அப்பெண்ணுக்கு எடுத்துரைப்போர் பல இல்லங்களில் இல்லை. ஆண்பிள்ளைக்கோ விழாவும் இல்லை, விளக்கமும் இல்லை.

இவ்விளக்கத்தை அளிக்க வேண்டியவர் பெற்றோரா, அரசாங்கமா? ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது.

கர்நாடகத்தின் அனுபவம்

மைசூர் சமஸ்தான அரசாங்கம் 1930-ஆம் ஆண்டிலேயே பெங்களூரிலும் மைசூரிலும் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறக்க உத்தரவிட்டது. ஓர் அரசாங்கமே இத்தகைய நிலையங்களை நடத்த முன்வந்தது உலகில் அதுவே முதன்முறை என்பர். ஆயினும் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவது அதனினும் கடினமாயிற்று.

மத்திய மனிதவள அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2005-இல் பள்ளிகளில் இளம்பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. பாடப் பொருளிலிருந்த படங்களும் சொற்களும் நம் பண்பாட்டிற்கு ஒவ்வாதவை என்று எதிர்ப்பு எழுந்தது. 2007-இல் கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தின. 2009-இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது.

பெற்றோரின் உடன்பாடு இன்றி இக்கல்வி நிலைபெறாது என்பது இதனால் விளங்கும். மறுபுறம், திட்டத்தை நிறுத்தலாம். பிள்ளைகளின் பருவ வளர்ச்சியை நிறுத்த இயலாது என்பதும் உண்மை.

பெற்றோர் செய்யத்தக்கவை

காலமறிந்து கூறுதல் பெற்றோர்க்கே எளிது. பெண்களுக்குப் பருவ மாற்றங்கள் பொதுவாக 8 முதல் 13 வயதிற்குள் தொடங்குகின்றன. மார்பக வளர்ச்சி தொடங்கிச் சுமார் இரண்டு ஆண்டுகளில் முதல் மாதவிடாய் நிகழ்கிறது. ஆகவே ஒன்பது, பத்து வயதிலேயே தாய் இதனை மகளுக்குச் சொல்லிவைப்பது நன்று. முன்னரே அறிந்த பெண் உதிரத்தைக் கண்டு அஞ்சமாட்டாள்.

ஆண்களுக்கு இம்மாற்றங்கள் 9 முதல் 14 வயதிற்குள் தொடங்குகின்றன. உறக்கத்தில் விந்து வெளிப்படுதல் இயற்கையே. அதனால் உடல் நலிவதில்லை. இவ்வொரு வாக்கியத்தைத் தந்தை சொல்லத் தவறினால், மகன் போலி வைத்தியரின் லேகியத்திற்குப் பணம் செலவிட நேரும்.

அரசாங்கம் செய்யத்தக்கவை

எல்லாப் பெற்றோரும் செய்தியைச் சரிவர அறிந்தவர் அல்லர். பிழையற்ற அறிவையும் மருத்துவ உதவியையும் யாவர்க்கும் அளித்தல் அரசாங்கத்தின் கடமை. 2014-இல் தொடங்கிய தேசிய இளம்பருவ சுகாதாரத் திட்டம் 10 முதல் 19 வயது வரையினர்க்கு உரியது. கர்நாடகத்தில் இதற்கான ஆலோசனை நிலையங்கள் ‘ஸ்நேகா’ கிளினிக் எனப்படுகின்றன. 2020-இன் பள்ளிச் சுகாதாரத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர்க்கும் ஓர் ஆசிரியைக்கும் பயிற்சி அளிக்க வகை செய்கிறது.

மற்றொரு காரணமும் உண்டு. குழந்தைக்குத் தீங்கிழைப்பவர் பெரும்பாலும் அதற்கு அறிமுகமானவரே. சில வேளை வீட்டினரே. அந்நிலையில் வீட்டை மட்டும் நம்பியிருத்தல் பொருந்தாது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது. ஆசிரியர்க்கும் இதில் விலக்கில்லை. 1098 என்னும் தொலைபேசி எண் குழந்தைகளின் உதவிக்கென உள்ளது.

ஓர் ஐயம்

இக்கல்வி பிள்ளைகளைத் தவறான வழியில் தூண்டாதா என்று பெற்றோர் வினவுவர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய யுனெஸ்கோவின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டி, அவ்வாறு தூண்டுவதில்லை என்றே கூறுகிறது.

களப்பணியாளர்க்குச் சில யோசனைகள்

காக்ஸ் டவுன் போன்ற இடங்களில் வீட்டு மொழி தமிழ். பள்ளியிலோ ஆங்கிலமும் கன்னடமும். பள்ளியில் கற்ற சொல்லைக்கொண்டு தாயிடம் ஐயம் கேட்கப் பிள்ளையால் இயலாது. எனவே கருப்பை, மாதவிடாய், விந்து முதலிய தமிழ்ச் சொற்களையும் கூச்சமின்றிக் கற்பித்தல் வேண்டும்.

வகுப்பு தொடங்குமுன் பெற்றோரைக் கூட்டிப் பாடநூலை அவர்கள் கையில் கொடுங்கள். தாய்மார்க்கும் தந்தையர்க்கும் தனித்தனியே விளக்குங்கள். தாங்கள் முன்னரே படித்துப் பார்த்த பாடத்தைப் பெற்றோர் ஐயுறுவது அரிது. வகுப்பில் கேட்ட செய்தியைப் பிள்ளை வீட்டிலும் தயக்கமின்றிப் பேசக்கூடுமாயின், இரு பொறுப்புகளும் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.