பாட்டி காலத்து "புளூ ஜாகர்" தோடு: விற்கப் போனால் விலை குறைவது ஏன்?

சென்னை:

அந்தக் காலத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வைரத் தோட்டை இன்று விற்கப் போனால், "நீலம் ஓடுது" என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். எந்த நீலத்துக்காகப் பாட்டி அதிகப் பணம் கொடுத்தாரோ, அதே நீலத்தால் பேத்திக்கு நஷ்டம்!

இது பற்றிய விவரம் வருமாறு:-

நந்தனம் சிக்னலில் திரும்பி வெங்கடநாராயணா சாலையில் போனால் தியாகராய நகர். நகைக் கடைகளுக்குப் பேர் போன இடம். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் பீஸ் என்று நெருக்கடி வந்தால், பீரோவைத் திறந்து பழைய தோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் உண்டு.

"சார், இது அசல் புளூ ஜாகர். எங்க மாமியார் போட்டிருந்தது. சாதாரணக் கல் இல்லே."

"கல் நல்ல கல்தாம்மா. ஆனா இப்ப எல்லாரும் சர்டிபிகேட் கேக்கறாங்க. நீலம் ஓடினா மதிப்பு கொஞ்சம் கம்மிதான்."

அந்த அம்மாவுக்குத் தலை சுற்றும். கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

எப்படி வந்தது பெயர்?

தென் ஆப்பிரிக்காவில் ஜாகர்ஸ்பாண்டீன் என்று ஒரு சுரங்கம். 1870-ல் அங்கே வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. 1893-ல் 995 காரட் எடையுள்ள "எக்செல்சியர்" வைரம் கிடைத்ததும் அங்கேதான். 1971-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

அங்கே கிடைத்த வெள்ளைக் கற்களில் லேசாக நீலம் ஓடும். அதனால் "புளூ ஜாகர்" என்று பெயர் வந்தது. நம் ஊரில் அதற்குத் தனி மவுசு. நாளாக நாளாக, நீலம் ஓடினாலே ஜாகர் என்று சொல்லி விற்றார்கள். எல்லாமே அந்தச் சுரங்கத்துக் கல் அல்ல.

வெயிலில் ஒளிரும்!

வெயிலில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். அந்த நீலம், கல்லில் இருக்கும் லேசான மஞ்சளை மறைத்துவிடும். கல் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

ஆனால், ரொம்பவும் நீலம் ஓடும் சில கற்கள் எண்ணெய் தடவியது போல மங்கலாகத் தெரிவது உண்டு. எல்லாக் கல்லும் அப்படி மங்குவதில்லை. இருந்தாலும் வியாபாரிகள் உஷாராகிவிட்டார்கள். சர்டிபிகேட்டில் "நீலம் அதிகம்" என்று இருந்தால், மிக வெள்ளையான கல்லுக்கு விலையைக் குறைக்கிறார்கள். லேசாக மஞ்சள் அடிக்கும் கல்லுக்கோ அதே நீலம் சாதகம்!

வேடிக்கையைப் பாருங்கள். பர்மா மாணிக்கம் வெயிலில் சிவப்பாக ஒளிர்ந்தால் மதிப்பு கூடுகிறது. வைரம் நீலமாக ஒளிர்ந்தால் குறைகிறது!

நாலு கணக்கு

வைரத்துக்கு விலை போடுகிறவர்கள் பார்ப்பது நாலு விஷயம்.

நிறம்: சுத்த வெள்ளைக்கு "டி" என்று பெயர். அங்கிருந்து மஞ்சள் கூடக் கூட "இசட்" வரை இறங்கும்.

சுத்தம்: 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்சில் பார்ப்பார்கள். புள்ளி, கீறல் இருந்தால் விலை இறங்கும். காகபாதம் என்று நம் சிலப்பதிகாரமே வைரத்தின் குற்றத்தைச் சொல்லியிருக்கிறது.

பட்டை: பட்டை தீட்டியது சரியில்லை என்றால் நல்ல கல்லும் சோபிக்காது. நாலில் இது ஒன்றுதான் முழுக்க மனிதன் கையில் உள்ளது.

எடை: ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதாவது 100 சென்ட். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏழு கல் தோடு ஒரு ஜோடிக்கு 14 கல். மொத்தம் 2 காரட் இருந்தாலும் ஒரு கல் சுமார் 14 சென்ட்தான். 2 காரட் ஒற்றைக் கல்லின் விலை இதற்குக் கிடைக்காது. கல் பெரிதானால் விலை பல மடங்கு ஏறும்.

புதுப் போட்டி

இப்போது ஆய்வுக்கூட வைரமும் வந்துவிட்டது. அதுவும் அசல் கரிதான். லென்சில் பார்த்துப் பிரிக்க முடியாது. தனிக் கருவி வேண்டும். விலையோ பல மடங்கு மலிவு. நந்தனத்தில் இருந்து சில கிலோ மீட்டரில் உள்ள ஐ.ஐ.டி.க்கு, இந்த ஆராய்ச்சிக்காக மத்திய அரசு 2023-ல் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கியது.

விற்குமுன்...

பழைய தோட்டில் பின்பக்கம் தங்கத் தகடு மூடியிருக்கும். கல்லைக் கழற்றினால்தான் சரியான எடை தெரியும். உங்கள் கண் எதிரிலேயே கழற்றச் சொல்லுங்கள். எண்ணி வாங்குங்கள். ஆய்வுக்கூட சர்டிபிகேட் எடுத்த பிறகு, இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். தங்கத்துக்குத் தனி விலை, கல்லுக்குத் தனி விலை எழுதி வாங்குங்கள்.

பாட்டி ஏமாறவில்லை. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. கல் அதே கல்தான். பார்க்கிறவர்கள்தான் மாறிவிட்டார்கள்!