வெளிநாட்டுப் பயணமா? வீட்டுச் செலவை முதலில் எழுதுங்கள்

உப்பல் ரிங் ரோடு சந்திப்பில் நின்று தலையை உயர்த்தினால் மெட்ரோ ரயில் போகிறது. சற்றுக் கீழே பார்த்தால் விளம்பரப் பலகைகள். சிங்கப்பூர் ஐந்து நாள், தாய்லாந்து நான்கு இரவு என்று ஆசை காட்டுகின்றன. ஊருக்குப் போய்வர சார்மினார் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்குமா என்பதே பெரிய கவலையாக இருந்த நம்மவர் வீடுகளில் இன்று வெளிநாட்டுப் பேச்சு சகஜமாகிவிட்டது. தம்பி துபாயில் இருக்கிறான். மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். மலேசியா பத்துமலை முருகனுக்கு ஒரு வேண்டுதல். போக வேண்டியதுதான். யார் வேண்டாம் என்றது?

போய் வந்த பிறகுதான் சங்கடம். ஐந்து நாள் பார்த்த ஊருக்காக இரண்டு வருஷம் தவணை கட்டுகிறவர்கள் உண்டு. வங்கியில் வைத்த சங்கிலி மீளாமலே போன வீடும் உண்டு. அவர்கள் ஊதாரிகள் அல்ல. மளிகைக் கடைச் சிட்டையைக்கூட இரண்டு தரம் கூட்டிப் பார்க்கிறவர்கள்தான். கணக்கை டிக்கெட்டில் தொடங்கியதுதான் தவறு. டிக்கெட் இவ்வளவு, ஓட்டல் இவ்வளவு, மீதியைப் பார்த்துக் கொள்ளலாம் என்றார்கள். அந்த 'மீதி'யில்தான் வீடு இருக்கிறது.

இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்ட ஒரு குமாஸ்தா நம்மிடையே இருந்தார். சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு வேலையில் சேர்ந்த ராமானுஜன்தான் அவர். கணித மேதை என்று உலகம் அறியும். அவருடைய குடும்பக் கணக்கை அறிந்தவர்கள் குறைவு.

கேம்பிரிட்ஜுக்குப் போக சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. கப்பல் கட்டணத்துக்கும் குளிர் தேசத்து உடுப்புக்கும் தனியே 100 பவுண்டு. அப்போது ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 3,750 ரூபாய். வழிச்செலவு 1,500 ரூபாய். ஆண்டுக்கு 360 ரூபாய் வாங்கிக் கொண்டிருந்த வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய தொகை!

அந்தத் தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பவுண்டு, கும்பகோணத்தில் இருந்த தாயாருக்குப் போய்ச் சேர ஏற்பாடாயிற்று. மிஞ்சிய 200 பவுண்டுதான் அவர் பங்கு. டிரினிட்டி கல்லூரி பிறகு 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. மகன் கடல் கடந்த பின் வீட்டுக்கு வந்த பணம், அவர் துறைமுகத்தில் வாங்கிய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. 1914 மார்ச் 17-ந் தேதி நெவாசா என்ற கப்பலில் அவர் சென்னையை விட்டபோது வீட்டு அடுப்புக்கு வழி செய்தாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உதவித்தொகை முதலில் இரண்டு ஆண்டுக்குத்தான். நடந்தது என்ன? 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. சைவச் சாப்பாட்டுக்காரர், தானே சமைத்துக் கொள்பவர். யுத்த காலத்தில் பண்டங்களுக்குத் தட்டுப்பாடு. 1917-ல் உடம்பு கெட்டு மருத்துவ விடுதிகளில் கிடந்தார். பம்பாயில் திரும்ப வந்து இறங்கியது 1919 மார்ச் 27-ந் தேதி. இரண்டு ஆண்டு ஐந்தாயிற்று. பல்கலைக்கழகம் உதவியை நீட்டித்தபடியால் சமாளிக்க முடிந்தது. நமக்கு நீட்டித்துத் தர யார் இருக்கிறார்கள்?

இரண்டு லட்சத்தில் எவ்வளவு?

உப்பலில் ஒரு தம்பதியை எடுத்துக் கொள்வோம். சீட்டு எடுத்த பணம் ரூ.2 லட்சம் கையில். சிங்கப்பூரில் உறவினர் வீட்டுக் கல்யாணம். பள்ளிக்கூடம் போகும் பையனும் வயதான தாயாரும் வீட்டில் இருப்பார்கள். இனி ராமானுஜன் வழியில் போவோம்.

வீட்டு வாடகை, தாயார் மருந்து, துணைக்கு வரும் அத்தைக்கு ரயில் செலவு எல்லாம் சேர்த்து ரூ.25,000. திரும்பி வந்தபின் அடுத்த சம்பளம் வரை ஓட்ட இன்னொரு ரூ.25,000. எதிர்பாராத செலவுக்கு ரூ.30,000. இருவருக்கும் சாதாரணப் பாஸ்போர்ட் தலைக்கு ரூ.1,500 வீதம் 3,000. கடைசி நேரத்தில் தட்கலில் போனால் தலைக்கு இன்னும் 2,000 அழ வேண்டும். எல்லாம் போக மிச்சம் ரூ.1,17,000. பயணத்துக்கு உண்மையில் இருப்பது இதுதான். டிக்கெட், விசா, மருத்துவ இன்சூரன்ஸ், மொய், சாப்பாடு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஒருவர் மட்டும் போய்வரலாம். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும்.

இன்சூரன்ஸைச் சிலர் வெட்டிச் செலவு என்பார்கள். அயல்நாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

அந்த 30,000 எதற்கு என்று கேட்கலாம். 1966 ஜூன் 5-ந் தேதி வரை ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. மறுநாள் 7 ரூபாய் 50 காசு. நூறு டாலருக்கென்று 476 ரூபாய் எடுத்து வைத்தவர் ஒரே இரவில் மேலும் 274 ரூபாய்க்கு அலைய வேண்டியதாயிற்று. பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்டில் 68-ஐத் தாண்டியது.

பணம் மாற்றும் இடத்திலும் ஒழுக்கு உண்டு. விற்கும் விலை ஒன்று, வாங்கும் விலை வேறு. ஒரு சிங்கப்பூர் டாலரை 70 ரூபாய்க்கு விற்பவர் அதையே 67-க்குத் திரும்ப எடுப்பதாக வைத்துக் கொண்டால், மீந்து வரும் 500 டாலரில் ரூ.1,500 காணாமல் போகும். எனவே அளவாக வாங்குவது நல்லது. விமான நிலையத்தில் போய் மாற்றலாம் என்று இருந்துவிடாமல், முன்கூட்டியே நாலு இடத்தில் விலை கேட்க வேண்டும். வங்கி அட்டையை வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் நூற்றுக்கு மூன்று, மூன்றரை ரூபாய் கூடுதலாக எடுக்கின்றன. அங்கே கடைக்காரர் 'ரூபாயிலேயே போடட்டுமா?' என்று அன்பாகக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்திலேயே போடச் சொல்லுங்கள். அவர் சொல்லும் ரூபாய்க் கணக்கில் பெரும்பாலும் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும்.

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல் பொதுவாகக் கொண்டுபோக முடியாது. நம் ரூபாய் நோட்டு ரூ.25,000 வரை எடுத்துப் போகலாம். அந்தக் காலத்தில் எட்டு டாலரோடு விமானம் ஏறினோம் என்று சொல்லும் பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்!

அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசின் எல்.டி.சி. சலுகை இந்தியாவுக்குள் மட்டுமே. வெளிநாட்டு டிக்கெட்டுக்குச் செல்லாது. சொந்தப் பயணமானாலும் இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதி கையில் வராமல் குறைந்த விலை என்று திருப்பித் தராத டிக்கெட்டை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு.

வேலைக்காகப் போகிறவர் கணக்கு வேறு. பதிவு பெற்ற ஏஜெண்டு சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது மத்திய அரசின் விதி. லட்சக்கணக்கில் கேட்டால், ரசீதும் தர மறுத்தால், அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். டூரிஸ்டு விசாவில் போய் வேலை பார்த்துக் கொள்ளலாம் என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அதோடு எடுக்க வேண்டிய இன்சூரன்ஸுக்கு இரண்டு வருஷத்துக்கு ரூ.275 தான், மரணம், நிரந்தர ஊனம் ஏற்பட்டால் ரூ.10 லட்சம் கிடைக்கும்.

கடைசியாக, சட்டைப் பையில் தனியாக இரண்டாயிரம் ரூபாய் நம் நோட்டாக இருக்கட்டும். ஷம்ஷாபாத்தில் விமானம் பெரும்பாலும் அகால வேளையில்தான் கொண்டு வந்து இறக்கும். எல்.பி. நகர் வழியாக உப்பல் வரும் புஷ்பக் பஸ்ஸுக்குக் காத்திருப்பதா, டாக்சி பிடிப்பதா என்ற கேள்வி அப்போது வரும். பெட்டிகளோடும் தூக்கக் கலக்கத்தோடும் நிற்கையில் அந்த இரண்டாயிரத்தின் அருமை தெரியும்.