புதிய ஊசியா, பழைய ஊசியா?

உடற்பருமனைக் குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றிப் பட்டணங்களில் எங்கு பார்த்தாலும் பேச்சாயிருக்கிறது. அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி ‘மவுஞ்சாரோ’ என்ற மருந்தை 2025 மார்ச்சில் நம் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி அதே வருஷம் ஜூன் மாதத்தில் ‘வெகோவி’யுடன் வந்து சேர்ந்தது. எந்த ஊசி எத்தனை கிலோ குறைக்கும் என்பதே இன்று எல்லோரும் கேட்கும் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயினும், இம்மருந்துகளில் எது மேலானதென்று தீர்மானிக்கக் கிலோக் கணக்கு ஒன்று மட்டும் போதுமா என்பதைத் தேசநலம் கருதுவோர் நிதானமாக ஆலோசிக்க வேண்டும்.

முதலில் மருந்துகளின் தன்மையைக் கவனிப்போம். நாம் உண்டவுடன் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்ஸுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. இயற்கையான ஹார்மோன் சில நிமிஷங்களில் சிதைந்துவிடும். அதைப்போலவே வேலை செய்து, நீண்ட நேரம் உடலில் நிலைத்து நிற்கும்படி அமைக்கப்பட்டவையே இம்மருந்துகள். லிராகுளூடைடு என்பதைத் தினந்தோறும் குத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அது 2014-ல் உடற்பருமனுக்கென அங்கீகரிக்கப்பட்டது. பின்னர் வந்த செமாகுளூடைடுக்கு வாரம் ஓர் ஊசி போதும். அது 2017-ல் நீரிழிவுக்கும், 2021-ல் உடற்பருமனுக்கும் அங்கே அங்கீகாரம் பெற்றது. ‘ஒஸெம்பிக்’, ‘வெகோவி’ இரண்டும் இதுவே. இவற்றுள் புதியதான டிர்ஸெபடைடு, ஜி.ஐ.பி. என்ற மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ‘மவுஞ்சாரோ’ என்பது இதுதான்.

இவற்றை நேருக்கு நேர் நிறுத்தியும் பரிசோதித்திருக்கிறார்கள். 338 பேரைக் கொண்டு நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 68 வாரங்களில் உடல் எடையில் சராசரியாக லிராகுளூடைடு 6.4 சதவிகிதமும், செமாகுளூடைடு 15.8 சதவிகிதமும் குறைத்தன. 751 பேரைக் கொண்டு நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 72 வாரங்களில் செமாகுளூடைடு 13.7 சதவிகிதமும், டிர்ஸெபடைடு 20.2 சதவிகிதமும் குறைத்தன. முதலாவது ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது செமாகுளூடைடு செய்யும் கம்பெனி. இரண்டாவதற்குக் கொடுத்தது டிர்ஸெபடைடு செய்யும் கம்பெனி. கட்சிக்காரன் தன் செலவில் கோர்ட்டுக்கு அழைத்துவந்த சாட்சி போன்றது இது. அத்தகைய சாட்சியத்தை அடியோடு தள்ளிவிட வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. குறுக்கு விசாரணை செய்து ஏற்பதே முறை. எடையோ தராசு காட்டும் விஷயம். ஆகையால், கிலோக் கணக்கில் புதிய ஊசியே வென்றது என்று தீர்ப்புச் சொல்வதில் நமக்குத் தடையில்லை.

ஆனால், வழக்கில் இன்னும் சில பிரச்னைகள் இருக்கின்றன. இருதய நோயும் அதிக எடையும் உள்ள, நீரிழிவில்லாத 17,604 பேரிடம் செமாகுளூடைடைப் பரிசோதித்த முடிவு 2023-ல் வெளிவந்தது. இருதய சம்பந்தமான மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை சேர்ந்து அவர்களிடையே 20 சதவிகிதம் குறைந்தன. டிர்ஸெபடைடு, இருதயப் பாதுகாப்பில் டூலாகுளூடைடு என்ற பழைய மருந்துக்குத் தாழ்ந்ததல்ல என்பது நீரிழிவும் இருதய நோயும் உள்ளவர்களிடம் நடத்திய ஆராய்ச்சியினால் 2025-ல் தெரியவந்தது. எடை குறைப்பதில் பின்தங்கிய மருந்து உயிர் காப்பதிலும் பின்தங்கியதே என்று முடிவுகட்ட இவ்வாராய்ச்சிகள் இடந்தரவில்லை. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் ஆகிய தொல்லைகள் எல்லா ஊசிகளுக்கும் பொது. கொழுப்போடு தசையும் ஓரளவு கரைகிறது என்பதும் பொது. பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு உண்டாகலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மருந்தை நிறுத்தினால் எடை திரும்பி வருகிறது. செமாகுளூடைடை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருஷத்தில் திரும்பப் பெற்றார்கள். டிர்ஸெபடைடை நிறுத்தியவர்களின் கதியும் ஏறக்குறைய அதுவே. ஆகவே, இது ஒரு மாதத்துச் செலவாக முடிவதன்று; வாடகை போல் வருஷக்கணக்காகக் கட்டவேண்டிய செலவு. விற்பனை ஆரம்பித்தபோது மவுஞ்சாரோவின் 5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய். மாதம் நான்கு குப்பிகளுக்கு 17,500 ரூபாய். வெகோவியின் விலை மாதம் 17,345 முதல் 26,015 ரூபாய் வரை இருந்தது. 2025 நவம்பரில் அதைக் குறைத்த பிறகும், ஆரம்ப அளவுக்கே மாதம் 10,850 ரூபாய் ஆயிற்று. நம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்கு மாத வருமானமே இவ்வளவு இருக்கிறது?

நோயோ செல்வரை மட்டும் தேடிப் போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் மதறாஸ் நீரிழிவு ஆராய்ச்சி ஸ்தாபனமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, நம் தேசத்தில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடிப் பேர். வயது வந்தவர்களில் 39.5 சதவிகிதத்தினருக்கு வயிற்றுப்பருமன் இருக்கிறது. இவர்களில் வைத்தியருடைய கண்காணிப்பில் ஊசி தேவைப்படுவோர் நூற்றில் சிலரே என்று வைத்துக்கொண்டாலும், அத்தொகை லக்ஷக்கணக்கில் வரும்.

இந்த இடத்தில்தான் பேடண்டு உரிமை குறுக்கே நிற்கிறது. சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாயிருந்த ஸ்ரீ என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் மத்திய சர்க்காருக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். இந்தியப் பேடண்டுகளில் பெரும்பாலானவை அந்நியர் கையில் இருப்பதையும், அவற்றைக்கொண்டு அவர்கள் இங்கே உற்பத்தி செய்யாமல் சந்தையை மட்டும் காத்துக்கொண்டிருப்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அதன் பயனாக எழுந்த 1970-ம் வருஷத்துச் சட்டம், மருந்து செய்யும் முறைக்கு மட்டுமே பேடண்டு அளித்தது. மருந்துப் பொருளுக்கு அளிக்கவில்லை. நம் மருந்துத் தொழில் அந்நிழலில்தான் வளர்ந்தது. மேல்நாடுகளில் வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலைபோன எய்ட்ஸ் மருந்துகளை 350 டாலருக்குத் தருவதாகப் பம்பாய் ஸிப்லா கம்பெனி 2001-ல் முன்வந்து உலகத்தைத் திகைக்க வைத்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 2005-ல் பொருளுக்கும் பேடண்டு அளிக்க நேர்ந்தது. ஆனாலும், பழைய பொருளுக்குப் புதிய வேஷம் போட்டு உரிமையை நீட்டிக்கலாகாது என்ற 3-டி பிரிவைச் சட்டத்தில் சேர்த்தோம். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கிளிவெக் வழக்கில் அப்பிரிவை நிலைநாட்டியது.

செமாகுளூடைடின் மூலப் பேடண்டுக்கு நம் நாட்டில் உள்ள காலவரம்பு 2026 மார்ச். அதற்கு முன்பே, ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி அம்மருந்தைத் தயாரித்துப் பேடண்டு இல்லாத நாடுகளுக்கு அனுப்புவதைத் தடுக்க 2025 டிஸம்பரில் டில்லி ஹைகோர்ட்டு மறுத்தது. டிர்ஸெபடைடோ இன்னும் பல வருஷங்கள் ஒரே கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கும். ஆகவே, நம் முடிவு இது: செலவைத் தாங்கக்கூடிய தனி மனிதருக்கு, வைத்தியர் சம்மதித்தால், புதிய ஊசி மேலானதாயிருக்கலாம். தேசத்துக்கு உகந்தது பழைய ஊசியே.

ஏழைக்கு இரண்டாந்தர மருந்தா என்று சிலர் கேட்கக்கூடும். இருதயத்தைக் காப்பதாக நிரூபணமான மருந்து இரண்டாந்தரமாகாது. புதியதற்கும் புதியது எப்போதும் வந்துகொண்டேயிருக்கும். மூன்று ஹார்மோன்களின் வேலையைச் செய்யும் ரெடாட்ரூடைடு, 48 வாரங்களில் 24 சதவிகிதம் எடை குறைத்ததாக 2023-லேயே செய்தி வந்துவிட்டது. அந்த ஓட்டத்தின் பின்னால் ஓடுவதானால், வாங்க முடியாத மருந்தையே என்றென்றும் பார்த்துக்கொண்டு நிற்போம்.

சர்க்காரின் கடமை தெளிவானது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கவே 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. செமாகுளூடைடை அது மொத்தமாக வாங்கி, நீரிழிவும் இருதய நோயும் சேர்ந்து வருத்துகிறவர்களுக்கு முதலில் அளிக்கவேண்டும். இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ச்சியாக வைத்துக் காக்கவேண்டும். தயாரிப்பில் சிறிது பிசகினாலும் மருந்து வீணாகும். ஆகையால், விலையைப் போலவே தரத்தையும் அதிகாரிகள் கண்டிப்பாகப் பரிசோதிக்க வேண்டும். வைத்தியர் சீட்டில்லாமல் அழகுக்காக விற்பதைத் தயங்காமல் தண்டிக்க வேண்டும். தின்பண்டங்களில் சர்க்கரையும் எண்ணெயும் பெருகிவருவதைக் கட்டுப்படுத்தாமல் ஊசியை மட்டும் நம்புவது, கரையை உடைத்துவிட்டு நீர் இறைப்பதாகும்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. விலைவாசி, வரி முதலிய விஷயங்களில் கிளர்ச்சி செய்யத் தெரிந்த நாம், பேடண்டுச் சட்டம் வக்கீல்களின் விவகாரமென்று ஒதுங்கியிருக்கலாகாது. வர்த்தக ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் 3-டி பிரிவைத் தளர்த்தும்படி அந்நியர் வற்புறுத்துகிறார்கள். அப்பிரிவு தளர்ந்தால், அடுத்த மருந்தின் விலையை நம் சட்டசபைகள் நிர்ணயிக்கப்போவதில்லை. பொதுக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். உங்கள் தொகுதி அங்கத்தினரிடம் கேளுங்கள். விடை வரும்வரை விடாதீர்கள்.